'காலனி'ன்னா என்ன அர்த்தம்? ரோம் நகரத்துல இருந்து அரூர் பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒரு வார்த்தையோட பயணம்!

"காலனியெல்லாம் முன்னாடி வா... காலனி, காலனி!"

அரூர் பஸ் ஸ்டாண்டுல இருந்து கிராமத்துப் பக்கம் போற டவுன் பஸ்ல உட்கார்ந்தா, எப்படியும் ஓரிடத்துல கண்டக்டரோட இந்தக் குரல் கேட்கும். ஸ்கூல் படிக்கும்போது என்கூட வந்த தோழி ஒருத்தி, இந்தக் குரல் வர்றதுக்கு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கிடுவா. அது 'ஊர்' ஸ்டாப். அங்கிருந்து அரை கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போவா. "நடக்கப் பிடிக்கும்ப்பா"ன்னு சொல்வா. நானும் நம்பிட்டேன்.

பத்து வருஷம் கழிச்சு சென்னையில வாடகைக்கு வீடு தேடினேன். புரோக்கர் ஓர் இடத்தைக் காட்டி, "இது காலனிக்குள்ள இருக்கிற வீடு. அமைதியான ஏரியா, டீசன்ட்டான ஆளுங்க"ன்னு சொல்லி, ரெண்டாயிரம் ரூபாய் கூட வாடகை கேட்டார். அன்னிக்கு ராத்திரி அந்தத் தோழிக்கு போன் பண்ணி, "நான் காலனிக்குக் குடிவந்துட்டேன்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "நீ காலனின்னா வாடகை ஏறும். நான் காலனின்னா, 'எந்தப் பக்கம்?'னு கேட்பாங்க"ன்னா. அவ ஏன் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கினாங்கிறது அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சது.

எழுத்து ஒண்ணுதான், உச்சரிப்பும் ஒண்ணுதான். ஓரிடத்துல கௌரவம், இன்னோரிடத்துல அவமானம். இந்த வார்த்தை எங்கே பிறந்தது, எப்படியெல்லாம் மாறுச்சு, நம்ம ஊருக்கு வந்து ஏன் இப்படி ஆச்சு? கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம் வாங்க.

முதல் அர்த்தம்: உழவர் குடி

'காலனி'யோட பூர்வீகம் லத்தீன். அந்த மொழியில 'கொலெரே'ன்னு ஒரு வினைச்சொல். நிலத்தை உழுறது, பயிர் வளர்க்கிறது, ஓரிடத்துல குடியிருக்கிறது, பேணிப் பாதுகாக்கிறது, வழிபடுறது... இவ்வளவும் அந்த ஒரே சொல்லுக்குள்ள அடக்கம். அதுல இருந்து வந்தது 'கொலோனஸ்'. உழுபவர், குடியானவர்னு அர்த்தம். உழவர்கள் குடியேறின இடம் 'கொலோனியா'. அதுதான் இங்கிலீஷ்ல 'காலனி' ஆச்சு.

இதே வேர்ல இருந்து வந்த சொந்தக்காரங்க லிஸ்ட் பெருசு. கலாசாரத்தைக் குறிக்கிற 'கல்ச்சர்', விவசாயத்தைக் குறிக்கிற 'அக்ரிகல்ச்சர்' ரெண்டும் காலனிக்கு அக்கா தங்கச்சி மாதிரி. ரசிகர்கள் கொண்டாடுற படத்தை 'கல்ட்' படம்னு சொல்றோமே, அந்தக் 'கல்ட்'டும் இதே குடும்பம்தான். அது வழிபாடுங்கிற அர்த்தத்துல இருந்து கிளைச்சது.

இன்னும் பின்னாடி போனா, இந்தச் சொல்லுக்கும் முந்தைய வேருக்கு 'சுழல்றது'ங்கிற பொருளை மொழியியலாளர்கள் சொல்றாங்க. அந்த வேர் சம்ஸ்கிருதத்துல 'சக்ரம்' ஆச்சு. கிரேக்கம் வழியா இங்கிலீஷுக்கு வந்து 'சைக்கிள்' ஆச்சு. அந்த வகையில நம்ம ஊர் அரசுப் பள்ளியில கொடுக்கிற இலவச சைக்கிளும் காலனியும் தூரத்துச் சொந்தம்!

ரோம்லயே ஒரு சறுக்கல்

பழைய ரோமானியர்கள் ஒரு பகுதியைப் பிடிச்சதும், அங்கே தங்களோட குடிமக்களைக் கொண்டுபோய் குடியமர்த்துவாங்க. பிற்காலத்துல, ராணுவத்துல இருந்து ஓய்வுபெற்ற வீரர்களுக்கு இப்படி நிலம் கொடுத்தாங்க. 'கொலோனியா'ங்கிறது ஒரு நகரத்துக்கே கௌரவமான பட்டம்.

ஆனா 'கொலோனஸ்' நிலைமை வேற மாதிரி போச்சு. சொந்தமா உழுதவன், காலப்போக்குல பெரிய நிலக்கிழார்கள்கிட்ட குத்தகைக்கு உழுறவன் ஆனான். அப்புறம் அந்த நிலத்தை விட்டு நகரவே முடியாதவன் ஆனான். கி.பி. 332-ல் கான்ஸ்டன்டைன் பேரரசர் போட்ட சட்டம், ஓடிப்போன கொலோனஸைப் பிடிச்சு பழைய நிலத்துக்கே திருப்பி அனுப்பணும், ஓட நினைக்கிறவனை விலங்கு போட்டு வேலை வாங்கலாம்னு சொல்லுச்சு. நம்ம ஊர் பண்ணையாள் கதை மாதிரியே இருக்குல்ல?

'உழவர்'னு பெருமையா ஆரம்பிச்ச ஒரு சொல், தன்னோட பிறந்த வீட்டிலேயே ஒரு தடவை கீழே இறங்கிருக்கு. இதை மனசுல வெச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

யூடிகோலனும் ஆபிரகாம் லிங்கனும்

ஜெர்மனியில கொலோன் நகரம் இருக்கு. அதோட பேரே 'காலனி'தான். கி.பி. 50-ல் ரோமானியர்கள் அந்த ஊருக்கு 'கொலோனியா' அந்தஸ்து கொடுத்தாங்க. கிளாடியஸ் பேரரசரோட மனைவி அக்ரிப்பினா பிறந்த ஊருங்கிறதால, அவங்க பேரையும் சேர்த்து ரொம்ப நீளமா ஒரு பேர் வெச்சாங்க. மக்களுக்கு அவ்வளவு பொறுமை எங்கே? 'கொலோனியா'வை மட்டும் வெச்சுக்கிட்டாங்க. அது தேய்ஞ்சு கொலோன் ஆச்சு.

1709-ல் அந்த ஊர்ல ஃபரினா குடும்பத்தோட வாசனைத் திரவிய நிறுவனம் தொடங்குச்சு. அங்கே உருவானதுதான் 'கொலோன் தண்ணி'ன்னு அர்த்தம் வர்ற, பிரெஞ்சுப் பேர் கொண்ட சென்ட். நம்ம தாத்தா பாட்டி காலத்துல காய்ச்சல் வந்தா துணியில நனைச்சு நெத்தியில போடுவாங்களே 'யூடிகோலன்', அதேதான். இப்போ பெர்ஃப்யூம் கடையில 'கொலோன்'னு கேட்டு வாங்குறவங்க, ஒருவகையில 'காலனி'ன்னுதான் கேட்கிறாங்க.

இங்கிலாந்துலயும் இப்படி ஓர் ஊர் இருக்கு. 'லிண்டம் கொலோனியா'ன்னு ரோமானியர்கள் கூப்பிட்ட இடம், நாக்குல உருண்டு உருண்டு லிங்கன் ஆச்சு. அந்த ஊர்ப் பேர்தான் குடும்பப் பேராகி, அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிப்போச்சு. 1863 ஜனவரி 1-ம் தேதி அடிமை விடுதலைப் பிரகடனத்துல கையெழுத்து போட்ட ஆபிரகாம் லிங்கனோட பேருக்குள்ளயும் ஒரு 'காலனி' ஒளிஞ்சிருக்கு.

நாடு பிடிக்கிற காலனி

16-ம் நூற்றாண்டுக்கு அப்புறம்தான் ஸ்கூல் புக்ல நாம படிச்ச அர்த்தம் வலுவாகுது. கடல் தாண்டிப் போய், அங்கே இருக்கிறவங்க நிலத்துல குடியேறி, அதைத் தன்னோட நாட்டுக்குக் கீழே கொண்டுவர்றது. 1607-ல் ஜேம்ஸ்டவுன்ல ஆரம்பிச்சு, 1776-ல் சுதந்திரம் அறிவிச்ச அமெரிக்காவோட 13 காலனிகள் இந்த வகை. 1788-ல் இங்கிலாந்து அனுப்பின கைதிகள் ஆஸ்திரேலியாவுல வந்து இறங்க ஆரம்பிச்சாங்க. அது தண்டனைக் காலனி. 1858-ல் அந்தமானும் அப்படி ஆச்சு. அங்கே செல்லுலார் சிறையைக் கட்டி முடிச்சது 1906-ல்.

இதுல ஒரு சுவாரஸ்யம். இலங்கை 1802-ல் இருந்து நேரடி பிரிட்டிஷ் முடியாட்சிக் காலனி. லண்டன்ல இருந்த காலனி அலுவலகத்துக்குக் கீழே அது வந்தது. ஆனா 1858-க்கு அப்புறம் இந்தியாவை நிர்வகிக்க 'இந்தியா ஆபீஸ்'னு தனியா ஒண்ணு இருந்தது. பேப்பர்ல 'காலனி'ன்னு எழுதலைன்னா மட்டும் என்ன? வரி கட்டினதும் பஞ்சத்துல செத்ததும் நம்ம ஆளுங்கதானே.

இந்த அர்த்தத்துக்குத் தமிழ்ல 'குடியேற்ற நாடு', 'காலனியாதிக்கம்'னு எழுதுறோம். இலங்கைத் தமிழர்கள் 'காலனித்துவம்'னு எழுதுவாங்க.

இலங்கைக்குள்ளயே இந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கையும் இருக்கு. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் 1949-ல் தொடங்கினப்போ, காட்டை வெட்டி நிலமாக்கி மக்களைக் குடியேத்தினாங்க. அம்பாறைப் பக்கம் இப்பவும் எண் போட்ட கொலனிப் பேர்கள் ஊர்ப் பேரா நிலைச்சிருக்கு. யார் நிலத்துல யாரைக் குடியேத்தினாங்கங்கிறது அங்கே இன்னும் ஆறாத அரசியல்.

எறும்பும் தயிரும்கூட காலனிதான்!

சயின்ஸ்காரங்க கையில இந்த வார்த்தைக்கு வம்பே இல்லை. சேர்ந்து வாழ்ற உயிர்க்கூட்டம் எல்லாமே காலனி. எறும்புக் காலனி, தேனீக் காலனி, பவளப் பூச்சிகளோட காலனி. லேப்ல கண்ணாடித் தட்டுல பாக்டீரியா வளர்த்தா, கண்ணுக்குப் புள்ளி புள்ளியா தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு காலனி. ப்ரோபயோடிக் டப்பாவுல 'சி.எஃப்.யூ'ன்னு குட்டியா போட்டிருக்கும், கவனிச்சிருக்கீங்களா? 'காலனியை உருவாக்கக்கூடிய உயிரணுக்களோட எண்ணிக்கை'ங்கிறதோட சுருக்கம் அது.

கலைஞர்கள் சேர்ந்து வாழ்ற இடத்துக்கும் இதே பேர் உண்டு. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ்.பணிக்கர் முன்னெடுப்புல ஈஞ்சம்பாக்கத்துல உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 'ஆர்ட்டிஸ்ட் காலனி'ன்னுதான் எழுதுவாங்க. அதே சமயம், தொழுநோய் வந்தவங்களை ஊரை விட்டு ஒதுக்கிவெச்ச இடத்துக்கும் 'காலனி'ன்னுதான் பேர். ஒதுங்கி வாழ்றதும் ஒதுக்கி வைக்கிறதும் ஒரே வார்த்தைக்குள்ள இருக்கிறதை இங்கேதான் முதல்ல பார்க்கிறோம்.

மெக்ஸிகோவுல ஏரியா, டெல்லியில அந்தஸ்து

மெக்ஸிகோ சிட்டியில 'கொலோனியா'ன்னா சாதாரணமா 'ஏரியா'ன்னு அர்த்தம். 2018-ல் வந்து ஆஸ்கர் ஜெயிச்ச 'ரோமா' படத்தோட பேர், இத்தாலியோட தலைநகரத்தைக் குறிக்கலை. மெக்ஸிகோ சிட்டியில இருக்கிற 'கொலோனியா ரோமா'ங்கிற ஏரியாவைக் குறிக்குது. ஆனா எல்லையைத் தாண்டி அமெரிக்காவோட டெக்ஸாஸ் மாகாணத்துக்குள்ள போனா, அதே 'கொலோனியா' குடிநீர், சாக்கடை வசதி சரியா இல்லாத ஏழைகள் குடியிருப்பைக் குறிக்கும். ஆறு ஒண்ணுதான். இந்தக் கரையில ஓர் அர்த்தம், அந்தக் கரையில இன்னோர் அர்த்தம்!

டெல்லியில டிஃபென்ஸ் காலனி, நியூ ஃப்ரெண்ட்ஸ் காலனின்னா பணக்கார ஏரியா. அதே டெல்லியில 'அங்கீகரிக்கப்படாத காலனி'ன்னு சொன்னா, பட்டாவுக்காக மக்கள் பல வருஷம் அலைஞ்ச இடம். 2019-ல் இப்படி 1,731 காலனிகள்ல இருக்கிறவங்களுக்குச் சொத்துரிமை கொடுக்க நாடாளுமன்றத்துல தனிச் சட்டமே கொண்டுவந்தாங்க.

நம்ம ஊர்லயும் பொன்மலை, ஜோலார்பேட்டைன்னு ரயில்வே ஊர்கள்ல ரயில்வே காலனி இருக்கு. மில் காலனி, ஈ.பி. காலனி, பேங்க் காலனின்னு எத்தனையோ இருக்கு. வேலை செய்ற இடத்துப் பேரோட சேர்ந்து வந்தா, அதுல ஒரு நிரந்தர வருமானத்தோட வாசனை இருக்கும். சென்னையில எனக்கு வாடகையை ஏத்தினது இந்தக் காலனிதான்.

அப்போ என் தோழியோட காலனி?

மெட்ராஸ் மாகாணத்துல 1920 வாக்குல, 'ஒடுக்கப்பட்ட வகுப்பினர்' நலனைக் கவனிக்கிற பொறுப்பைத் தொழிலாளர் ஆணையர்கிட்ட அரசு ஒப்படைச்சது. கிணறு வெட்டுறது, பள்ளிக்கூடம் திறக்கிறது, வீட்டுமனை வாங்கிக் கொடுக்கிறதுன்னு வேலைகள் ஆரம்பிச்சது. சுதந்திரத்துக்கு அப்புறமும் இது தொடர்ந்துச்சு. 1974-ல் தாட்கோ உருவாச்சு. ஆதிதிராவிட மக்களுக்கு வரிசையா ஒரே மாதிரி வீடு கட்டிக் கொடுத்தாங்க. அரசு கட்டித் தந்த வீட்டு வரிசைக்கு இங்கிலீஷ் பேர் காலனி. ரயில்வே ஊழியருக்குக் கட்டினதும் காலனி, இங்கே கட்டினதும் காலனி. வார்த்தையில தப்பு எதுவும் இல்லை.

அந்த மனையை எங்கே ஒதுக்கினாங்கங்கிறதுலதான் விஷயம் இருக்கு. பெரும்பாலும் ஊருக்கு வெளியே, ஏற்கெனவே சேரி இருந்த இடத்துலயோ அதை ஒட்டியோதான். ஓலைக்குடிசை போய் கான்கிரீட் வந்துச்சு. ஆனா, ஊருக்கும் அதுக்கும் நடுவுல இருந்த இடைவெளி அப்படியே இருந்துச்சு. ஊர்னா ஒரு சாதி, காலனின்னா இன்னொரு சாதின்னு கிராமத்து அகராதியில அர்த்தம் உறைஞ்சு போச்சு. 'காலனிக்காரங்க', 'காலனிப் பசங்க'ன்னு சொன்னா, சாதிப் பேரைச் சொல்லாமலே சாதியைச் சொல்லிடலாம். அதுதான் அந்த வார்த்தைக்குக் கிடைச்ச புது வேலை.

'கொலோனஸ்'னா உழுறவன்னு பார்த்தோம். தலைமுறை தலைமுறையா அடுத்தவங்க வயல்ல ஏர் பிடிச்சும், நாத்து நட்டும், கரும்பு வெட்டியும் வந்தவங்க குடியிருப்புக்கு அந்தப் பேர் கச்சிதமா பொருந்தும். அகராதிப்படி 'காலனிக்காரர்'னா உழவர். ஆனா அந்த அர்த்தத்துல யாரும் அவங்களைக் கூப்பிடலை.

'சேரி'க்கு நடந்ததும் இதேதான்

ஒரு வார்த்தைக்கு இப்படி ஆகுறது தமிழ்ல புதுசு இல்லை. 'சேரி'ங்கிற சொல்லையே எடுத்துக்கோங்க. சேர்ந்து வாழ்ற இடம், அதாவது குடியிருப்புன்னுதான் பழைய அர்த்தம். 10-ம் நூற்றாண்டு உத்திரமேரூர் கல்வெட்டு, கிராம சபைத் தேர்தலுக்குப் பேர்போனது. 30 குடும்புகளோட 12 சேரிகளையும் அது சொல்லுது. அந்த ஊர் ஒரு பிராமணக் குடியிருப்பு! அவங்க வாழ்ந்த தெருக்களுக்கும் அப்போ 'சேரி'ன்னுதான் பேர். புதுச்சேரி, வேளச்சேரின்னு ஊர்ப் பேர்கள்லயும் அந்த அர்த்தம் இன்னும் உயிரோட இருக்கு.

அடுத்து வந்த ராஜராஜ சோழன் காலத்துத் தஞ்சாவூர்க் கல்வெட்டுகள்லயே கம்மாணச்சேரி, பறைச்சேரின்னு பிரிச்சுச் சொல்றதைப் பார்க்கலாம். 'தீண்டாச்சேரி'ங்கிற பேரும் அதுல இருக்கு. போகப்போக முன்னொட்டுகள் எல்லாம் உதிர்ந்து, வெறும் 'சேரி'ன்னாலே தலித் மக்கள் குடியிருப்புன்னு ஆச்சு. அப்புறம் அதைச் சொல்றது மரியாதை இல்லைன்னு 'காலனி' வந்துச்சு. இப்போ அதுவும் அதே இடத்துல வந்து நிக்குது.

இதுக்கு மொழியியல்ல ஒரு பேர் உண்டு. மரியாதையான புதுச் சொல் வரும், பழைய அழுக்கு அதுலயும் ஒட்டும், மறுபடியும் இன்னொரு சொல் தேவைப்படும். ஓடிக்கிட்டே இருப்போம், ஆனா நின்ன இடத்துலயே நிப்போம். ஜிம்ல இருக்கிற டிரெட்மில் மாதிரி! ஸ்டீவன் பிங்கர்ங்கிற அறிஞர் 1994-ல் இதுக்கு வெச்ச பேர்லயும் அந்த டிரெட்மில் இருக்கு.

அதுக்காக, பேரை மாத்துறது வீண்னு அர்த்தம் இல்லை. 1922-ல் எம்.சி.ராஜா மெட்ராஸ் சட்டமன்றத்துல தீர்மானம் கொண்டுவந்து, பறையர், பஞ்சமர்ங்கிற பேர்களுக்குப் பதிலா 'ஆதி திராவிடர்'னு அரசு ஆவணத்துல எழுத வெச்சார். தன்னை எப்படிக் கூப்பிடணும்னு ஒரு சமூகம் தானே முடிவு பண்ணின தருணம் அது. யார் வெச்ச பேர்ங்கிறது ரொம்ப முக்கியம்.

காலனி... காலணி

தமிழ்ல இன்னொரு சங்கடமும் இருக்கு. ரெண்டு சுழி 'ன' போட்டா காலனி. மூணு சுழி 'ண' போட்டா காலணி, அதாவது செருப்பு. தெருப் பலகைகள்ல 'காலணி'ன்னு தப்பா எழுதியிருக்கிறதை நீங்களும் பார்த்திருப்பீங்க. மீம் போடுறவங்களுக்கு இது காமெடி.

ஆனா காலணி போட்டுக்கிட்டு ஊர்த் தெருவுல நடக்கக் கூடாதுன்னு தடுக்கப்பட்டவங்களுக்கு இது எப்படி இருக்கும்? பழங்கதை இல்லை இது. 2023 டிசம்பர்ல, திருப்பூர் மாவட்டம் ராஜாவூர்ல, ஆதிக்க சாதியினர் வாழ்ற தெருவுல பட்டியலின மக்கள் சுமார் 60 பேர் முதல் முறையா செருப்பு போட்டு நடந்துபோனது செய்தியாச்சு. செருப்பு போட்டு ரோட்டுல நடக்கிறது செய்தியாகிற ஊர்ல, எழுத்துப்பிழைக்கும் ஒரு கனம் இருக்கு.

நம்ம மாவட்டத்தோட நினைவு

அரூர் சட்டமன்றத் தொகுதி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட தனித் தொகுதி. இதே தருமபுரி மாவட்டத்துல, 2012 நவம்பர் 7-ம் தேதி, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து கலவரம் வெடிச்சது. நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டின்னு மூணு குடியிருப்புகள்ல 250-க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டு, பல வீடுகள் கொளுத்தப்பட்டன. டி.வி, பைக், பீரோ, பிள்ளைங்களோட சர்ட்டிஃபிகேட்னு வருஷக்கணக்கா சேர்த்தது எல்லாம் சாம்பலாச்சு.

அந்தப் பேரை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. 'நத்தம்'னா தமிழ்ல மக்கள் குடியிருக்கிற இடம். பட்டாவுலயே 'கிராம நத்தம்'னு இருக்கும். 'காலனி'ன்னாலும் குடியிருப்பு. ரெண்டு மொழியில ரெண்டு தடவை 'இது மக்கள் வாழ்ற வீடு'ன்னு சொல்ற பேர் அது. வந்தவங்க காதுல அது விழலை.

எங்க ஊர்ப் பக்கம் அந்த வருஷம் ஸ்கூல்ல யாரும் எதையும் சத்தமா பேசிக்கலை. என் தோழி ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். இப்போ யோசிச்சுப் பார்த்தா தெரியுது.

2025: அரசு சொன்னது என்ன?

2025 ஏப்ரல் 29-ம் தேதி, சட்டமன்றத்துல முதல்வர் மு.க.ஸ்டாலின் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். 'காலனி'ங்கிற சொல் ஆதிக்கத்தோட, தீண்டாமையோட அடையாளமாவும் வசைச்சொல்லாவும் மாறிட்டதால, அரசு ஆவணங்கள்ல இருந்தும் பொதுப் புழக்கத்துல இருந்தும் அது நீக்கப்படும்ங்கிறதுதான் அந்த அறிவிப்பு. அதே வருஷம் அக்டோபர்ல, குடியிருப்புகள், தெருக்களோட சாதிப் பேர்களை மாத்துறதுக்கான வழிமுறைகளோட அரசாணையும் வந்தது. பதிலா புலவர்கள், தலைவர்கள் பேரை வைக்கலாம்னு சொல்லியிருந்தாங்க.

"அப்போ ரயில்வே காலனி, பேங்க் காலனியெல்லாம்?"னு சோஷியல் மீடியாவுல உடனே கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். ஆனா அந்தக் கேள்வியிலேயே பதிலும் இருக்கு. பேங்க் காலனியில இருக்கிறவர், விலாசம் சொல்லும்போது ஒரு செகண்டுகூடத் தயங்கமாட்டார். தயங்கறவங்களுக்காகத்தான் இந்த மாற்றம்.

இதுக்கு முன்னாடி நடந்த ஒரு முயற்சியையும் சொல்லணும். 1997-ல் கருணாநிதி அறிவிச்ச சமத்துவபுரம் திட்டம். அடுத்த வருஷம் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில முதல் சமத்துவபுரம் திறந்தாங்க. 100 வீடு. அதுல 40 தலித் குடும்பங்களுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மத்தவங்களுக்கு. பேரோட சேர்த்து வரைபடத்தையும் மாத்திப் பார்த்த திட்டம் அது. ஊருக்கும் காலனிக்கும் நடுவுல இருக்கிற அந்த அரை கிலோமீட்டரை அழிக்கிறது, பேர்ப் பலகையை அழிக்கிறதைவிடக் கஷ்டம்னு அந்தத் திட்டத்தைப் போட்டவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

ஒரே பார்வையில்: எத்தனை காலனி?

* லத்தீன் வேர்: உழுதல், குடியிருத்தல், பேணுதல்.
* ரோம்: குடிமக்களையும் ஓய்வுபெற்ற வீரர்களையும் குடியமர்த்தின நகரம்.
* அரசியல்: இன்னொரு நாட்டோட ஆதிக்கத்துக்குக் கீழே இருக்கிற நிலம்.
* அறிவியல்: சேர்ந்து வாழ்ற உயிர்க்கூட்டம்.
* கலை: கலைஞர்கள் சேர்ந்து வாழ்ற இடம்.
* தண்டனை, நோய்: ஒதுக்கிவைக்கப்பட்டவங்க இடம்.
* நகரம்: ஊழியர் குடியிருப்பு, நடுத்தர வர்க்க ஏரியா.
* தமிழ்நாட்டுக் கிராமம்: ஊருக்கு வெளியே இருக்கிற பட்டியலின மக்கள் குடியிருப்பு.
* சொந்தம் இல்லாதவை: கர்னல் (அது 'தூண்', 'படை வரிசை'ங்கிற சொல்லோட உறவு), காலணி (அது நம்ம கால்ல அணியுறது).

நாம என்ன பண்ணலாம்?

அரசாணை ஆபீஸ் ஃபைலை மாத்தும். ஆனா பஸ்ல, டீக்கடையில, வாட்ஸ்அப் குரூப்ல இருக்கிற பேச்சை நாமதான் மாத்தணும். சின்னச் சின்ன விஷயம்தான். ஒருத்தர் விலாசம் சொன்னா, அதுக்கு மேல 'ஊரா, காலனியா?'ன்னு கேட்காம இருக்கலாம். அங்கே இருக்கிறவங்க தங்களோட தெருவுக்கு வெச்சிருக்கிற பேரைத் தெரிஞ்சுக்கிட்டு அதையே சொல்லலாம். பல இடங்கள்ல அம்பேத்கர் நகர், அண்ணா நகர்னு அழகான பேர் ஏற்கெனவே இருக்கும். ஊர்க்காரங்க வாய்லதான் அது வர்றதில்லை. மேப்ல இடத்துக்குப் பேர் சேர்க்கிற வசதி நம்ம போன்லயே இருக்கு. அங்கேயும் அந்தப் பேரைச் சேர்க்கலாம்.

இந்தக் கட்டுரைக்காகப் போன வாரம் தோழிக்கு மறுபடி போன் பண்ணினேன். இப்போ பெங்களூருல வேலை பார்க்கிறா. "ஃபுட் ஆர்டர் பண்ணும்போது அட்ரஸ்ல என்ன போடுவே?"ன்னு கேட்டேன். "இங்கே என்ன பிரச்னை? ஊருக்கு ஏதாவது அனுப்பணும்னாதான் பிரச்னை. பேரை விட்டுட்டா டெலிவரி தம்பிக்கு வழி தெரியாது, போட்டா அவன் ஒரு மாதிரி பார்ப்பான். அதனால லொகேஷன் மட்டும் அனுப்பிடுவேன்"னா.

'உழவர்'னு அர்த்தம் வர்ற கதையை அவளுக்குச் சொன்னேன். முழுசா கேட்டா. "எங்க தாத்தா கடைசி வரைக்கும் ஏர் ஓட்டினாரு. சொந்தமா ஒரு சென்ட் நிலம் இல்லை. அவர்கிட்ட இதைச் சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு"ன்னா. கொஞ்சம் நிறுத்திட்டு, "பொங்கலுக்கு வர்றேன்ல, நீயும் வா. பஸ்ல வந்தா எங்க ஸ்டாப்லயே இறங்கு. முன்னாடி இறங்கிடாத"ன்னா.

டிக்கெட் போட்டாச்சு.